லினக்ஸ் கேள்வி – பதில்: கணினி சொன்னதை அப்படியே எழுதுங்கள்

சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். கட்டளைகளை உச்சரிப்புப்படி தந்திருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரத்தில்) ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் எங்கள் விசைத்தறிக் கூடத்தின் கணக்கு எழுத ஒரு பழைய லேப்டாப் வாங்கி, லினக்ஸ் மின்ட் போட்டேன். வைஃபை வரவே இல்லை. இணையத்தில் ஒரு பயனர் குழுவில், ‘வைஃபை வேலை செய்யவில்லை, அவசரம்’ என்று எழுதி, திரையையும் போட்டோ பிடித்துப் போட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. புதியவர்களைக் கண்டுகொள்ள மாட்டார்களா?

பதில்: நீங்கள் புதியவர் என்பது காரணமல்ல. அந்த ஒரு வரியை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லாமல் இருக்கலாம். இருந்தும், கையொப்பமில்லாத மென்பொருளை ஏற்காத செக்யூர் பூட் அமைப்பு அதைத் தடுக்கலாம். சிப்புக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர் கோப்பு விடுபட்டிருக்கலாம். லேப்டாப்பின் வைஃபை சுவிட்சே அணைந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான். பதில் சொல்பவர்கள் தங்கள் சொந்த நேரத்தை ஒதுக்கி உட்காருகிறவர்கள். தகவலோடு வரும் கேள்வியை அவர்கள் முதலில் எடுப்பது இயல்பு.

முதலில் மொபைலை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, மொபைல் அமைப்பில் ‘யுஎஸ்பி டெதரிங்’ போடுங்கள். லேப்டாப்புக்கு உடனே இணையம் கிடைத்துவிடும். பிறகு டெர்மினலில் ‘எல்எஸ்பிசிஐ -என்என்கே’ என்று அடியுங்கள். வரும் நீண்ட பட்டியலில் ‘நெட்வொர்க் கன்ட்ரோலர்’ என்ற சொற்கள் உள்ள வரியைத் தேடுங்கள். அதன் கடைசியில் சதுர அடைப்புக்குள் 14ஈ4:4365 என்பது போல ஓர் எண் இருக்கும். வைஃபை சிப்பை அடையாளம் காட்டுவது அந்த எண்தான். லேப்டாப்பின் மாடல் பெயரைவிட அதற்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் ஒரே மாடலில் இரண்டு விதமான சிப் வருவதுண்டு. 14ஈ4 என்பது பிராட்காம் நிறுவனத்தின் எண். அந்த வரிக்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் ஏறவில்லை.

பிராட்காம் என்றால் மின்ட்டின் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து, அது காட்டும் டிரைவரை நிறுவுங்கள். பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்ததுதான். செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்பில், நிறுவும்போதே ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். கணினி மறுபடி கிளம்பும்போது ஒரு நீலத் திரை வரும். அதில் ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அது சில விநாடிதான் காத்திருக்கும். கவனிக்காமல் விட்டால் டிரைவர் நிறுவியிருந்தும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை ஏற்காது. ‘டிரைவர் போட்டும் வரவில்லை’ என்று வரும் புகார்களில் இதையே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

டிரைவர் இருந்தும் வைஃபை இல்லையென்றால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ அடியுங்கள். ‘ஹார்டு பிளாக்டு: யெஸ்’ என்றால் லேப்டாப் ஓரத்துச் சுவிட்சோ விசைப்பலகையின் விமான விசையோ அணைத்திருக்கிறது. ‘சாஃப்ட் பிளாக்டு: யெஸ்’ என்றால் ‘ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை’ போதும்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் குழுவில் மறுபடி எழுதுங்கள். தலைப்பிலேயே விஷயம் இருக்கட்டும்: ‘மின்ட் 22, பிராட்காம் 14ஈ4:4365, டிரைவர் நிறுவியும் வைஃபை பட்டியல் காலி’. உள்ளே நான்கு விஷயம் எழுதுங்கள்: என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது, கடைசியாக எதை மாற்றியபின் இப்படி ஆனது. ‘அவசரம்’ என்ற சொல் வேண்டாம்.

மின்ட்டில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ என்ற கருவி இருக்கிறது. அதில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பக்கத்தை நகலெடுத்து ஒட்டினாலே கணினியின் உறுப்புகள் எல்லாம் தெரிந்துவிடும். பதிப்பு எண்ணையும் விடாதீர்கள். மின்ட் 21 உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது, மின்ட் 22 உபுண்டு 24.04-ஐ. ஒன்றுக்குச் சொன்ன வழி மற்றதற்குப் பொருந்தாமல் போகலாம்.

போட்டோ வேண்டாம். போட்டோவில் உள்ள எழுத்தைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. கணினியே கிளம்பாதபோது மட்டும் போட்டோ சரி. ஒட்டுவதற்கு முன் உங்கள் வைஃபை கடவுச்சொல், எம்ஏசி முகவரி (வைஃபை சிப்பின் தனி அடையாள எண்), சீரியல் எண் இருக்கிறதா என்று ஒருமுறை படித்து நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட அலுவலகத்தில் உபுண்டு கணினி. மழைக்காலத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். இப்போது கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று நிற்கிறது. எல்லாம் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்கின் கோப்பு அமைப்பில் கணக்கு இடிக்கும். சிறிய பிழையைக் கணினி கிளம்பும்போதே சரிசெய்துகொள்ளும். தானாகத் தொடத் தயங்கும் அளவு பிழை இருந்தால், இந்த இடத்தில் நிறுத்தி உங்களைக் கேட்கும்.

அந்தச் சொல்லுக்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது. ‘/டெவ்/எஸ்டிஏ2: அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி’ என்று இருந்தால் எந்தப் பகுதி என்பதை அதுவே சொல்லிவிட்டது. ஒரு வரியும் தெரியவில்லையென்றால் ‘எக்ஸிட்’ என்று அடியுங்கள், திரும்பக் காட்டும். அது சொன்ன பெயரையே போட்டு, பிழை திருத்தும் கட்டளையான ‘எஃப்எஸ்சிகே -ஒய் /டெவ்/எஸ்டிஏ2’ அடித்து, முடிந்ததும் ‘ரீபூட்’. உங்களிடம் எஸ்டிஏ2 என்று இருக்காமல் போகலாம், இதிலிருந்து காப்பியடிக்காதீர்கள். மீட்கப்பட்ட பெயரில்லாத துண்டுகள் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவில் கிடக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். ‘ஐ/ஓ எரர்’ என்று வரிசையாக வந்தால் டிஸ்கே பழுதாகிக்கொண்டிருக்கிறது. எஃப்எஸ்சிகே ஓட்டினால் நிலைமை மோசமாகும். நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லைவ் உபுண்டு கிளப்பி, கூலிக் கணக்கையும் பில்களையும் முதலில் வெளியே நகலெடுங்கள். அதன்பின் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ நிறுவி ‘சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ /டெவ்/எஸ்டிஏ’ (‘சூடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு) அடித்து, ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ வரியின் கடைசி எண்ணைப் பாருங்கள். அது பூஜ்ஜியமாக இல்லாமல் நாளுக்கு நாள் கூடினால் டிஸ்க்கை மாற்றுவதே நல்லது.

இன்னொன்று, ‘யுயுஐடி … டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்ற வரி. இது கோப்புப் பிழையே அல்ல, டிஸ்க் கண்ணிலேயே படவில்லை என்று அர்த்தம். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சாட்டா கேபிளின் இரு முனையையும் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

குழுவில் கேட்பதானால் இந்தத் திரையை முழுதாகப் போட்டோ எடுத்துப் போடலாம். கணினி மறுபடி கிளம்பிவிட்டால், ‘ஜர்னல்சிடிஎல் --பூட்=-1 --பிரயாரிட்டி=எர்’ என்பது முந்தைய முறை பதிவான பிழைகளை மட்டும் தரும். அதை ஒட்டுங்கள். மலையில் கரண்ட் நிலவரம் மாறப்போவதில்லை. யுபிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள்.

கேள்வி: என் கணினி தமிழ் இடைமுகத்தில் இருக்கிறது. பிழைச் செய்தியும் தமிழில் வருகிறது. அதை ஒட்டினால் குழுவில் யாருக்கும் புரியவில்லை. (ஆத்தூர்)

பதில்: இடைமுகத்தை மாற்ற வேண்டியதில்லை. கட்டளைக்கு முன்னால் ‘எல்சி_ஆல்=சி’ என்று சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு அடியுங்கள். இந்தச் சொல் முழுக்கப் பெரிய எழுத்து. அந்த ஒரு கட்டளையின் செய்தி மட்டும் ஆங்கிலத்தில் வரும். தேடுபொறியிலும் அப்படியே போட்டுத் தேடலாம்.

கேள்வி: ஒரு கோப்புறையில் எழுத அனுமதி இல்லை என்றது. குழுவில் ஒருவர் சொன்னபடி ‘சூடோ சிஹெச்மாட் -ஆர் 777 /’ அடித்தேன். இப்போது சூடோவே வேலை செய்யவில்லை. (சூரமங்கலம்)

பதில்: வருத்தமான விஷயம்தான். 777 என்றால் எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கடைசியில் உள்ள சாய்கோடு முழுக் கணினியையும் குறிக்கும். சூடோ கோப்பின் தனி அனுமதிக் குறி அழிந்துவிட்டது, அதனால் அது இயங்க மறுக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்பு என்ன அனுமதி இருந்தது என்ற குறிப்பு எங்கும் இல்லை. எனவே ஒரே கட்டளையில் திரும்ப முடியாது. லைவ் பென்டிரைவில் கிளப்பி, ‘ஹோம்’ அடைவை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து, புதிதாக நிறுவுங்கள். திரும்ப வைத்தபின், வேறு கணினியோடு இணைய எஸ்எஸ்ஹெச் பயன்படுத்துவீர்களானால் அதன் அடைவுக்கு 700, அதனுள் உள்ள தனிச் சாவிக் கோப்புக்கு 600 கொடுங்கள். இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் அந்தச் சாவியை ஏற்காது.

இனி யார் சொன்னாலும் சூடோவில் தொடங்கும் கட்டளையை உடனே அடிக்காதீர்கள். ‘மேன்’ போட்டு அதன் கையேட்டைப் படியுங்கள், அல்லது ‘இது என்ன செய்யும்?’ என்று அதே இடத்தில் திருப்பிக் கேளுங்கள். நல்ல குழுவில் தவறான பதிலைப் பிறர் திருத்துவார்கள். அதற்கு ஓரிரு மணி நேரம் கொடுங்கள். இந்தக் கட்டளையால் ஆனதையும் அந்தக் குழுவில் எழுதிவிடுங்கள். அதே பதிலைத் தேடி இன்னொருவர் அங்கே வருவார்.