யூரியா போட்டும் வெங்காயம் மஞ்சளித்து நிற்கிறது, யூரியா போலியா?

கேள்வி: அண்ணை, யாழ்ப்பாணம் உரும்பிராயில் நாலு பரப்பில், அதாவது கால் ஏக்கரில், சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். யூரியா வீசி ஒரு கிழமை ஆகியும் தாள் மஞ்சளாகவே நிற்கிறது. கடையில் உதிரியாக, கிலோக் கணக்கில் நிறுத்து வாங்கியது. கலப்படமாக இருக்குமோ? பக்கத்துத் தோட்டக்காரர் அமோனியம் சல்பேற்று போடச் சொல்கிறார், கடைக்காரர் வேப்பெண்ணெய் பூசிய யூரியா வாங்கச் சொல்கிறார். எதை வாங்குவது?

பதில்: தம்பி, கலப்படத்தை முதலில் பார்த்து முடிப்போம், அது சின்ன வேலை. ஒரு தம்ளர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி யூரியா போட்டுக் கலக்குங்கள். முழுக்கக் கரைய வேண்டும், தம்ளர் கைக்குச் சில்லென்று குளிர வேண்டும். பிறகு சமையலுக்கு எடுக்காத பழைய கரண்டியில் நாலைந்து மணியை வைத்து, காற்றோட்டமான இடத்தில் மெல்லச் சூடாக்குங்கள். யூரியா என்றால் தெளிவாக உருகி அமோனியா மணம் வரும். உப்புக் கலந்திருந்தால் அந்த மணிகள் உருகாமல் அப்படியே கிடக்கும். போலி என்று தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், ஆனால் பற்றுச்சீட்டு இல்லாமல் உதிரியாக வாங்கினதற்கு என்னத்தைக் காட்டுவீர்கள்? நாலு பேர் சேர்ந்தாவது தைத்த பையாக, சீட்டோடு வாங்குங்கள்.

சரி, யூரியா நல்லதென்றே வைப்போம். அப்படியிருந்தும் தாள் மஞ்சளிக்கலாம், எங்கள் மண்ணில் இது அடிக்கடி நடக்கிறது. யூரியா மண்ணில் விழுந்து ஈரம் பட்டதும் இரண்டு மூன்று நாளுக்குள் அமோனியமாக மாறத் தொடங்கும், அந்த நேரம் மணியைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தன்மை ஏறும், அதோடு வெயிலும் சேர்ந்தால் அமோனியா வாயுவாகி மேலே போய்விடும். சுண்ணாம்பு கலந்த மண்ணில் வீசிவிட்டு மூடாமல் விட்டால் போட்டதில் நாலில் ஒரு பங்குக்கு மேலும் இப்படிப் போகலாம். ஆகவே போட்ட உடனே மண்ணோடு கொத்திக் கலக்க வேண்டும், அல்லது அன்றைக்கே அளவாக இறைக்க வேண்டும்.

அளவாக என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்ணில் தங்கிய அமோனியத்தைப் பற்றீரியாக்கள் ஓரிரு கிழமைக்குள் நைத்திரேற்று என்ற, தண்ணீரில் கரையும் நைதரசன் வடிவமாக்கிவிடும். அமோனியத்தைக் களிமண் பிடித்து வைத்திருக்கும், நைத்திரேற்றை மண் பிடிப்பதில்லை, தண்ணீர் போகும் பக்கம் அதுவும் போகும். வெங்காய வேர் மேல் மண்ணோடு நின்றுவிடும். பம்பைப் போட்டுப் பாத்தி நிரம்ப விட்டால் நைத்திரேற்று வேரைத் தாண்டிச் செம்மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கும் சுண்ணாம்புக்கல் வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கே வந்து சேர்கிறது.

இன்னொன்று, மஞ்சள் எந்தத் தாளில் முதலில் வந்தது என்று பாருங்கள். வெளிப்பக்கத்துப் பழைய தாள் என்றால் நைதரசன் குறைவாக இருக்கலாம். உள்ளே வரும் இளந்தாள் என்றால் இரும்போ கந்தகமோ காரணமாக இருக்கலாம், அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். பையின் விலையைப் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் நைதரசனுக்கு என்ன விலை என்று பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம், 50 கிலோ பையில் 23 கிலோ நைதரசன். அமோனியம் சல்பேற்றில் 21 சதவீதம், அதே பையில் பத்தரைக் கிலோதான். விலை யூரியாவின் பாதிக்கு மேல் என்றால் நைதரசனுக்காக அதை வாங்குவது நட்டம். அதில் வரும் கந்தகம் வெங்காயத்துக்கு நல்லது, மண்ணில் கந்தகம் குறைவு என்று தெரிந்தால் கொஞ்சம் வாங்கலாம். சுண்ணாம்பு மண்ணில் அதுவும் ஆவியாகும், அதையும் மூடத்தான் வேண்டும். வேப்பெண்ணெய் பூசியது நைத்திரேற்றாக மாறுவதைத் தாமதப்படுத்தும், இந்தியாவில் 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் ஆவியாகிப் போவதை அது பெரிதாகத் தடுக்காது. வித்தியாசம் சொற்பமென்றால் வாங்குங்கள், கூடுதலாகக் கேட்டால் சாதாரண யூரியாவையே இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவது மேல். கடைசிக் காலத்தில் போடாதீர்கள், கழுத்துத் தடித்து, கட்டித் தொங்கவிட்ட வெங்காயம் அழுகிவிடும்.

கட்டாயம் சொல்ல வேண்டியது இது. குடிநீருக்கு அனுமதித்த உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உங்கள் கிணறு அந்த அளவில் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குல உயரம் இறைத்தால் ஏறக்குறைய ஒரு இலட்சம் லீற்றர், அதில் ஐந்து கிலோ அளவு நைத்திரேற்று, அந்த நைத்திரேற்றுக்குள் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் நைதரசன் வருகிறது. இருபது இறைப்புக்கு 23 கிலோ, அதாவது ஒரு பை யூரியா! அதுவும் முழுக்க வேரில் தங்காது, என்றாலும் காசு கொடுத்து ஏற்கெனவே வாங்கியதுதானே? தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு அடுத்த பையைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: பச்சை இலைக் குழையை மண்ணில் தாழ்த்தினால் யூரியாவைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம். கிளிசறியா மரத்துக் குழை மெல்ல உக்கி நைதரசனை விடும், மண்ணும் தண்ணீரைப் பிடிக்கும். காய்ந்த வைக்கோலைத் தாழ்த்தினால் எதிர்மாறு, அதை உக்கவைக்கும் பற்றீரியாக்களே மண்ணில் உள்ள நைதரசனைக் கொஞ்சக் காலம் எடுத்துவிடும், பயிர் வெளிறும். மாரிக்கு முன்பு அள்ளிப் போடும் கோழி எருவும் நைத்திரேற்றாகிக் கிணற்றுக்குத்தான் போகும், இயற்கை எரு என்பதால் அது விதிவிலக்கில்லை.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுக் கிணறு கோண்டாவிலில் தோட்டத்தோடு ஒட்டியிருக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது. கரி பில்ட்டர் ஒன்று விற்க வந்தார்கள், பேனா மாதிரி ஒன்றைத் தண்ணீரில் வைத்து "இலக்கம் கூட" என்று காட்டினார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் தங்கச்சி. அந்தப் பேனா தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், சுண்ணாம்பு ஊரில் இலக்கம் கூடத்தான் இருக்கும். நைத்திரேற்றை அது தனியாகக் காட்டாது. கரி நைத்திரேற்றைப் பிடிக்காது, குளோரின் போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி இன்னும் செறிவாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்குத்தான் ஆபத்துக் கூட, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு போக முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேட்டு நைத்திரேற்றைப் பரிசோதியுங்கள், மாரி முடிந்ததும் இன்னொரு தடவை. மலசலகூடக் குழி கிட்ட இருந்தால் அதிலிருந்தும் வரும். முடிவு வரும்வரை பிள்ளையின் பாலுக்குக் குழாய்த் தண்ணீரோ நம்பகமான போத்தல் தண்ணீரோ எடுங்கள். 50க்கு மேல் வந்தால் ஆர்.ஓ. இயந்திரம், அதாவது மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்புகளைப் பிரிக்கும் இயந்திரம், உதவும், வாங்கும்போது நைத்திரேற்று எவ்வளவு குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். அதிலிருந்து வெளியேறும் கழிவுநீரைக் கிணற்றடியில் விடாதீர்கள், வாழைக்கு விடலாம், உப்புக் கூடினால் இலை ஓரம் கருகும், அப்போது நிறுத்திவிடுங்கள்.