பணியாரத்துக்கும் பெட் ஸ்கேனுக்கும் என்ன பகை?

உடம்புக்குள் படம் பிடிக்கும் ஆராய்ச்சியில்தான் எனக்குச் சோறு என்பதால், இந்த வாரம் வந்த ஸ்கேன் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

கே: அப்பச்சிக்கு பெட் ஸ்கேன். காலையில் ரெண்டே ரெண்டு வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டதற்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சி.டி. எடுத்த பிறகு இது எதற்கு? (தேவகோட்டை)

அனுப்பியது சரிதான். ஊசியில் ஏற்றுவது சர்க்கரை மாதிரியே இருக்கும் ஒரு பொருள், அதில் கதிர்வீசும் ஃப்ளூரின்-18 ஒட்டியிருக்கும். எந்தச் செல்லுக்குப் பசி அதிகமோ அது நிறைய இழுத்துக்கொண்டு படத்தில் பளிச்சிடும், புற்றுச் செல்லுக்கோ அகோரப் பசி. பணியாரம் உள்ளே போனால் இன்சுலின் சுரந்து, ஏற்றிய மருந்தைத் தசையும் இதயமும் வாங்கிக்கொள்ள, கட்டி மங்கிவிடும். சரி, சாயங்காலம் போடலாமே என்றால், அது 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும் சரக்கு.

சி.டி. கதை வேறு. கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு என்று சுவர்களைக் காட்டுவது சி.டி., எந்தக் கட்டில் அடுப்பு எரிகிறது என்று காட்டுவது பெட். ஆனால் எரிவதெல்லாம் புற்று இல்லை. காசநோயும் அதே மாதிரி பளிச்சிட்டு எங்களை ஏமாற்றும், நம் நாட்டில் இது பெரிய தலைவலி, அதனால்தான் சந்தேகம் வந்தால் சதை எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

கே: எம்.ஆர்.ஐ.க்கு ஆச்சி தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்கிறார்கள். (காரைக்குடி)

தங்கத்தைவிட அதில் கோத்திருக்கும் ஊக்குதான் எனக்குப் பயம். 1.5 டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு, இரும்பு ஊக்கு பிய்த்துக்கொண்டு பறக்கும். ஸ்கேன் ஓடாத நேரத்திலும், கரண்ட் போனாலும்கூட, அந்தக் காந்தம் அப்படியே இருக்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் சூடாகலாம், படமும் கெடும். மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டுக் கூட்டிப்போங்கள், ஆச்சி ஒத்துக்கொள்வார்கள். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: எஃப்.எம்.ஆர்.ஐ. மனசில் நினைப்பதைப் படித்துவிடுமா? (பள்ளத்தூர்)

படிக்காது. எம்.ஆர்.ஐ.யிலேயே மூளை வேலை செய்வதைக் காட்டும் வகை அது, ஆனால் பார்ப்பது நினைப்பை இல்லை, மூளையில் வேலை நடக்கும் இடத்துக்குப் பாயும் ரத்தத்தை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தத்திடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதை வைத்து மூளையைப் படமெடுக்கலாம் என்று 1990-இல் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஓகாவா. அந்த ரத்த மாற்றம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு வினாடி ஆகும், நினைப்போ அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருக்கும்.

கே: எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன். இந்த ஆராய்ச்சியில் எனக்கு இடம் உண்டா? (காரைக்குடி)

உண்டாவது! சி.டி. படமே கணக்குதான். பல கோணத்தில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டுவது எப்படி என்று 1971-இல் ஒரு சுருக்கு வழி சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல வருஷம் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும். 'ராம்-லாக்' என்று இன்றும் அதற்குப் பெயர், நம்மவர்கள் பெயர் என்பது நம்மூரில் பலருக்குத் தெரியாது. இந்தக் கணக்குக்கு அடித்தளமான ஃபூரியர் மாற்றத்தை விடாதீர்கள். ஒரு வட்டத்தின் நிழல்களை எடுத்து அந்த வட்டத்தைக் கம்ப்யூட்டரில் நீங்களே திரும்பக் கட்டிப் பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.