கூட்டத்தின் கவலை எது? – கடிதமும் பதிலும்

வணக்கம். போன கிராம சபையில் குப்பையைத் தரம் பிரிப்பது பற்றிப் பேசினேன். புவி வெப்பமாதல், கடலில் சேரும் பிளாஸ்டிக் என்று நிறையப் படித்துப் போயிருந்தேன். பாதியிலேயே சலசலப்பு வந்து, பலர் எழுந்து போய்விட்டார்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் மறுபடி பேசச் சொல்கிறார்கள். எப்படிப் பேசுவது?
கே.

அன்புள்ள கே,

நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கவலை வேறு.

1933 மார்ச் 12 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசியதைப் படித்துப் பாருங்கள். வங்கிகள் வரிசையாக முறிந்து, ஜனங்கள் பணத்தை எடுக்க முண்டியடித்து, கடைசியில் நாடு முழுக்க வங்கிகளை மூடியிருந்த சமயம். வங்கி நுணுக்கம் தெரிந்த சிலரைவிட, பணம் போடவும் எடுக்கவும் மட்டும் வங்கிக்குப் போகிறவர்களிடம்தான் பேச விரும்புகிறேன் என்று தொடங்கினார். போட்ட பணம் பெட்டகத்தில் கிடப்பதில்லை, கடனாக வெளியே போயிருக்கிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது என்று விளக்கினார். மெத்தைக்கு அடியில் வைப்பதைவிட, திறக்கப்பட்ட வங்கியில் வைப்பது பத்திரம் என்றார். யாருக்கும் நட்டம் வராது என்று வாக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியதும் ஜனங்கள் பணத்தைத் திரும்பப் போட வந்தார்கள். ‘என் பணம் என்ன ஆகும்?’ என்ற கேள்வியை விட்டு அவர் நகரவே இல்லை. எனக்கு அந்தப் பேச்சில் பிடித்ததே அதுதான்.

உங்கள் ஊரில் அந்தக் கேள்வி எது? டீக்கடை, ரேஷன் கடை வரிசை, நூறு நாள் வேலை நடக்கும் இடம் என்று போய்க் காது கொடுங்கள். மழைக்காலம் வருகிறது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம் கட்டாயம் காதில் விழும். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. தெருவில் வீசிய பிளாஸ்டிக் கப், கொட்டாங்குச்சி, பழைய டயர் போதும் அதற்கு. ஒரு கப்பில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிக் காட்டி, இதில் ஆரம்பியுங்கள். கடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பயமுறுத்தியதோடு விட்டுவிடாதீர்கள். மக்கும் குப்பைக்கு ஒரு வாளி, மக்காததற்கு ஒரு பை, தூய்மைக் காவலர் எந்தத் தெருவுக்கு எந்தக் கிழமை வருவார் என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘வண்டியே ஒழுங்காக வருவதில்லையே’ என்று யாராவது எழுந்து கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊராட்சிச் செயலரிடம் முன்னதாகவே பேசி, பதிலோடு போங்கள். பதில் கிடைக்கவில்லையா, அதையும் மறைக்காமல் சொல்லி, வண்டி வர வேண்டிய நாட்களைத் தீர்மானமாகவே எழுதச் சொல்லுங்கள்.