மறு: ‘ஜம்ப்’ என்பதை ‘யம்ப்’ என்கிறாள்

வணக்கம். ஒஸ்லோவில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ‘ஜம்ப்’பை ‘யம்ப்’ என்கிறாள், ‘ட்ரீ’யை ‘ஐ’ போட்டு எழுதுகிறாள், ‘ஹி கோ’ என்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் நோர்வேஜிய மொழியிலிருந்து வருபவை, கோளாறு அல்ல. அதில் ‘ஜே’ எழுத்துக்கு ‘ய’ ஒலி. ‘ஐ’ எழுத்தின் பெயரே ‘ஈ’. வினைச்சொல்லும் ஆளுக்கேற்ப மாறாது.

‘ஜ’ எளிது. ‘ஜன்னல்’ சொல்ல வைத்து, அதே ஒலியில் ‘ஜாம்’, ‘ஜம்ப்’ என்று போங்கள். ‘டபிள்யூ’வுக்குத் தமிழ் கைகொடுக்காது, நம்முடைய ‘வ’வும் நோர்வேஜிய ‘வ’வும் கிட்டத்தட்ட ஒன்றே. மெழுகுதிரியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து ‘உ’வில் தொடங்கட்டும்: உ-ஆட்டர். மேற்பல் கீழுதட்டில் பட்டால் அது ‘வி’ ஆகிவிடும், அதனால் கண்ணாடி முன்னால் செய்யுங்கள். ‘இசட்’டுக்குத் தொண்டையில் கைவைத்துத் தேனீபோல் ரீங்கரிக்கட்டும், அதிர்வு இல்லையென்றால் வந்தது ‘எஸ்’.

தினமும் 10 நிமிடம், வாரம் முழுக்க ஒரே படப்புத்தகம். புதிது புதிதாக மாற்றினால் எதுவும் ஒட்டாது. எழுத்துப்பிழையை இப்போதைக்கு விடுங்கள். நோர்வேஜிய வாசிப்பே இன்னும் படிந்திருக்காது. ‘ஹி கோ’ என்றால் இடைமறிக்காமல் ‘யெஸ், ஹி கோஸ்’ என்று பதிலிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த ‘எஸ்’ பிந்தித்தான் வரும்.

பள்ளியில் முதல் நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்தே ஆங்கிலம் 138 மணி நேரம்தான். மதிப்பெண் 8ஆம் வகுப்பில்தான் தொடங்கும்.