குளம் பச்சையாகிவிட்டது: தூண்டிலில் வந்த மீனைச் சாப்பிடலாமா?

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஞாயிறுகளில் மகனோடு ஊர்க்குளத்தில் தூண்டில் போடுவது வழக்கம். இரண்டு கிழமையாகத் தண்ணீர் கடும்பச்சை. போன ஞாயிறு விடிய, கரையோரம் பத்துப் பன்னிரண்டு திலாப்பியா செத்து மிதந்தன. தூண்டிலில் பிடிபட்டவை மட்டும் நன்றாகத் துடித்தன. அவற்றைச் சாப்பிடலாமா? நன்றாக அவித்தால் பயமில்லை என்கிறார் மனைவி."

அவித்தால் பயமில்லை என்பது கிருமிக்கும் புழுவுக்கும் பொருந்தும். பச்சைத் தண்ணீரில் நாம் பயப்படுவது வேறொன்றுக்கு. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் நீலப்பச்சை அல்கா என்று படித்திருப்பீர்கள். உண்மையில் அது ஒரு வகை பக்டீரியா. அதில் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது, பொரித்தாலும் அழியாது. மீன் துடித்தது என்பதையும் சான்றாக எடுக்க முடியாது. நஞ்சைக் குடலிலும் ஈரலிலும் வைத்துக்கொண்டே மீன் துள்ளும்.

அதற்காகப் பச்சைக் குளமெல்லாம் நஞ்சுக் குளம் என்று சொல்லவில்லை. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா நம் குளங்களில் இந்தளவு பெருகியதற்கு, பச்சைத் தண்ணீரிலேயே அதற்குத் தீனி கிடைப்பதும் ஒரு காரணம். பிரச்சினை எந்தப் பச்சை என்பதில் இருக்கிறது. ஒரு தடியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். தலைமயிர் போல நூல்நூலாகத் தொங்கினால் அது சாதாரண பாசி, தூண்டிலில் சிக்கித் தொல்லை தரும், அவ்வளவுதான். தடியில் பச்சைப் பெயின்ற் பூசியதுபோல ஒட்டினால் கவனம். அப்புறம், ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் முக்கால் பங்கு குளத்துத் தண்ணீர் எடுத்து (கையில் ஷொப்பிங் பையை மாட்டிக்கொண்டு எடுங்கள்) ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே ஆடையாக மிதந்தால் நீலப்பச்சைதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உடலுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுப் பைகள்தான் அதை மிதக்கவைக்கின்றன. அதில் நஞ்சு உண்டா இல்லையா என்பதை ஆய்வுகூடம்தான் சொல்ல முடியும். வீட்டில் நாம் செய்யக்கூடியது சந்தேகப்படுவது மட்டும்.

மிதப்பதால் அது காற்றோடு போகும். கச்சான் காலத்தில் மேற்கு, தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது ஆடை முழுவதும் கிழக்குக் கரையில் போய் ஒதுங்கும். அதே குளத்தின் மேற்குக் கரையில் தண்ணீர் தெளிவாக இருக்கக்கூடும். தூண்டில்காரர் பலர் வசதி பார்த்து நிழலுள்ள கரையில் உட்காருகிறார்கள், காற்றின் திசையைப் பார்ப்பதில்லை. கச்சான் காலத்திலேயே இது அதிகம் வருவதற்குக் காரணமும் எளிது. குளம் வற்றிக் கிடக்கும், வெயில் கடுமையாக இருக்கும், மேல் வயல்களில் சிறுபோகத்துக்குப் போட்ட யூரியாவும் மற்றப் பசளைகளும் வடிந்து மிச்சமிருக்கும் கொஞ்சத் தண்ணீரில் சேரும்.

சரி, விடியற்காலையில் செத்த மீன்கள்? எனக்கு இதில் நஞ்சைவிட மூச்சுத் திணறல்மேல்தான் சந்தேகம். பகலில் வெயிலில் ஒட்சிசனை விடும் பாசி, இரவில் தானே அதை எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் உதிக்கும் நேரம்தான் தண்ணீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. சூடான தண்ணீரில் அது கரைவதும் குறைவு: 20 பாகை செல்சியசில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம், 30 பாகையில் 7.5 அளவுதான். மூச்சுத் திணறலில் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் போகும், விரால் தப்பிவிடும், ஏனெனில் அது மேலே வந்து காற்றையே குடிக்கும். ஆனால் பட்டப்பகலில் சிறு குஞ்சு, இறால், தவளை, விரால் எல்லாம் ஒன்றாகச் செத்துக் கிடந்தால் கதை வேறு. பக்கத்து வயலில் மருந்தடித்தார்களா என்று விசாரியுங்கள். அன்று அந்தக் குளத்திலிருந்து ஒரு மீனும் வீட்டுக்கு வரக்கூடாது.

காரணம் எதுவானாலும் செத்து மிதந்ததை எடுக்க வேண்டாம், பூனைக்கும் போட வேண்டாம். போத்தலில் ஆடை மிதந்தால், உயிரோடு பிடித்ததையும் திரும்ப விட்டுவிடுங்கள். தண்ணீர் தெளிந்த பிறகும் இரண்டு கிழமை பொறுப்பது நல்லது. பச்சை லேசாக இருந்து, போத்தலில் அடியில் படிந்தால் சாப்பிடலாம், ஆனால் குடல், ஈரல், சினை மூன்றையும் எறிந்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். குளக்கரையிலேயே குளத்துத் தண்ணீரில் மீன் வெட்டிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குடல் எடுக்காமல் முழுதாகப் பொரிக்கும் பொடி மீன்தான் இதில் மோசமானது, அதைச் சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். மாடுகளை அந்தக் கரையில் தண்ணீர் குடிக்க விடுவதும் ஆபத்து.

குளம் தெளியும்வரை கொட்டியாரக் குடாப் பக்கம் போகலாம். அலையும் வற்றுப்பெருக்கும் உள்ள இடத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தண்ணீரை வடிகட்டித் தின்னும் மட்டி, தண்ணீரிலுள்ள கிருமியையும் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். மழை வெள்ளம் வந்த கையோடு களப்பில் மட்டி பொறுக்காதீர்கள். பேத்தை மீன் தூண்டிலில் வந்தால் தங்கூசியை அறுத்து விட்டுவிடுங்கள், அதன் நஞ்சும் சமையலுக்கு அடங்காது.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. காலில் வெடிப்போ வெட்டுக்காயமோ இருந்தால் குளத்தில் இறங்க வேண்டாம். எலிக்காய்ச்சல் வயலில் மட்டும் பிடிப்பதல்ல, 2008இல் இந்த நாட்டில் 7000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகியது. குளத்தில் இறங்கிய இரண்டொரு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், பனடோல் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "குளத்தில் இறங்கினேன்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

சிறு குளம் என்றால் கமநல சேவை நிலையத்திலும், பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்திலும், இரண்டுக்கும் பொதுவாக உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். வெறுமனே "மீன் செத்துக் கிடக்கிறது" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். எத்தனை மணிக்குக் கண்டீர்கள், எந்த இனம், பெரிதா சிறிதா, காற்று எந்தப் பக்கம் என்று எழுதி, போத்தலையும் கையில் கொண்டு போங்கள்.