மாண்டரின் மீனின் வயிறு ஒட்டிப்போனால்

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் 120 லிட்டரில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். "டார்கெட் மாண்டரின், அபூர்வ வகை, ஜோடி" என்று கடைக்காரர் நல்ல விலைக்கு இரண்டு மீன்களைக் கொடுத்தார். பெல்லட் (காய்ந்த உருண்டைத் தீவனம்) போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒன்று மற்றொன்றைத் துரத்திக்கொண்டே இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன். இது நிஜமாகவே அபூர்வ வகைதானா? எப்படிக் காப்பாற்றுவது? (வாசகர், திருப்பூர்)

பதில்: பெயரைப் பிறகு பார்ப்போம், முதலில் வயிறு. மீனை மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் உடல் உள்வாங்கி, முதுகு கத்தி விளிம்புபோல் தெரிந்தால் அது பல நாளாகப் பட்டினி. உங்கள் படத்தில் சின்ன மீன் அந்த நிலையில்தான் இருக்கிறது.

மாண்டரினின் வாய் மிகச் சிறியது. பாறையில் ஒட்டியிருக்கும் கோபிபாட் என்ற நுண்ணிய உயிரிகளை நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும். பெல்லட் அதற்கு உணவாகவே தெரியாது. மூன்று மாதத் தொட்டியில் ஒரு மீனுக்கே கோபிபாட் போதாது. இரண்டு என்றால் சில வாரத்தில் துடைத்துவிடும்.

இன்றே ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிறு இறாலின் முட்டைகளைக் குஞ்சு பொரிக்கப் போடுங்கள். ஒன்றரை நாளுக்குள் குஞ்சு வரும். பொரித்தவுடனே கொடுங்கள், நேரம் போனால் சத்து போய்விடும். பம்ப்பை நிறுத்திவிட்டு, சின்னக் கண்ணாடிக் குப்பியில் குஞ்சுகளை விட்டு மீன் மேயும் இடத்தில் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறையாவது வேண்டும். கூடவே கோபிபாட் கல்ச்சர் (உயிரோடு வளர்த்து விற்கும் கோபிபாட்) வாங்கி, இரவில் விளக்கை அணைத்தபின் பாறை இடுக்குகளில் ஊற்றுங்கள். "நோய்தான், காப்பர் மருந்து போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காப்பர் கோபிபாட்டைத்தான் முதலில் கொல்லும்.

இப்போது பெயர். டார்கெட் மாண்டரின் என்றால் பச்சை உடலில் வளையம் வளையமாகப் பொட்டு இருக்கும். உங்களுடையதில் நீலமும் ஆரஞ்சும் நெளிநெளியாக ஓடுகின்றன. இது சாதாரண மாண்டரின். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்திலிருந்து காலங்காலமாக வரும் மீன்தான், அபூர்வம் ஒன்றுமில்லை. முதுகின் முன் துடுப்பையும் பாருங்கள். முதல் முள் கொடிபோல் நீண்டிருந்தால் ஆண். உங்கள் படத்தில் இரண்டுக்கும் நீண்டிருக்கிறது. உங்களுக்கு விற்றது இரண்டு ஆண்கள். துரத்தல் நிற்காது. இன்றே ஒன்றைப் பிரித்து வையுங்கள்.

பிலிப்பைன்ஸில் இவற்றைச் சின்ன ஊசிமுனை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் வழக்கமும் உண்டு. அதனால் உடலில் துளைத் தழும்பு இருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள்.

அடுத்து உங்களிடம் ஒருவர் வருவார். "கோபிபாட் வேண்டுமா, மன்னார் வளைகுடா லைவ் ராக் இருக்கு, கிலோ கணக்கில் தர்றேன்" என்பார். வாங்கவே வாங்காதீர்கள். லைவ் ராக் என்பது நுண்ணிய உயிரிகள் குடியிருக்கும் பவளக் கல். கடினப் பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. "செத்த கல்லுதானே சார்" என்ற பேச்சு எடுபடாது. பிடிபட்டால் கல்லைக் கொண்டுவந்தவர் ஃபோனை எடுக்கமாட்டார், கல் உங்கள் வீட்டில் இருக்கும். கடல் குதிரையும் அதே பட்டியல்தான். செயற்கைப் பாறை போதும், கோபிபாட் கல்ச்சரை அதில் வளர்த்துக்கொள்ளலாம்.

மாண்டரின் பெல்லட் சாப்பிடவே சாப்பிடாது என்றும் சொல்லிவிட முடியாது. பண்ணையில் பொரித்து வளர்த்த மாண்டரின் குட்டியிலேயே உறைந்த உணவுக்கும் பெல்லட்டுக்கும் பழகியிருக்கும். அமெரிக்காவில் 2010 வாக்கிலேயே இப்படி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே சில வியாபாரிகள் கடலில் பிடித்ததையே "டேங்க் பிரெட்" (தொட்டியில் பொரித்து வளர்த்தது) என்று சொல்லி விற்கிறார்கள். சாப்பிடும் வீடியோவும் காட்டுவார்கள். அதில் இருப்பது உங்கள் மீன்தான் என்று யார் சொன்னது? கடைக்குப் போய், உங்கள் கண்முன் பெல்லட் போடச் சொல்லுங்கள். ஒரு வாய் கடித்துத் துப்பினால் அது சாப்பிட்டதாகாது. விழுங்க வேண்டும், திரும்ப வந்து எடுக்க வேண்டும். மறுநாளும் போய்ப் பாருங்கள். பண்ணை மீன் பெரும்பாலும் சின்னதாக, மூன்று நான்கு செ.மீ.யில்தான் வரும். முழு வளர்ச்சியில் நீண்ட கொடி முள்ளோடு நிற்கும் ஆணைப் "பண்ணை மீன்" என்றால் நான் நம்பமாட்டேன். பண்ணையின் பெயரைக் கேளுங்கள். தெரியாது என்றால் கிளம்பிவிடுங்கள்.

பில்லில் என்ன இனம் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "மெரைன் ஃபிஷ் 2" என்றுதான் இருக்கும். 2017-இல் மத்திய அரசு 158 வகை அலங்கார மீன்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் கடைகளில் வைத்திருக்கத் தடை போட்டு விதி கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்ததும் சில மாதங்களிலேயே திரும்பப் பெற்றது. பில்லில் மீனின் பெயரை எழுதாத கடைகள் இன்னும் இருக்கின்றன.

பிரித்து வைத்த ஆணைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். வாங்க மறுத்தால், ஒரு வருடத்துக்கு மேலான பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஏற்கெனவே மாண்டரின் இருக்கும் தொட்டியாகவோ, சிக்ஸ்லைன் ராஸ் போல அதே கோபிபாட்டுக்குப் போட்டியிடும் மீன் உள்ள தொட்டியாகவோ இருக்கக்கூடாது.