‘மகன் மாதிரி’ என்றால் மாதம் எவ்வளவு?

கேள்வி: எனக்கு வயது 43. கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். 14 பேர் வேலை பார்க்கும் கடை. 2018-இல் 16,000 ரூபாய் சம்பளம், வீட்டு வாடகை 4,500. இப்போது சம்பளம் 18,500, வாடகை 8,500. மகள் பிளஸ் 1, மகன் ஏழாவது. பள்ளிக் கட்டணம், வேன், மளிகை, அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் போக 20-ஆம் தேதிக்கு மேல் கைமாற்றுதான். மனைவி மாலையில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அது பால் செலவுக்குச் சரியாகப் போகும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் மச்சான், 26,000 சம்பளத்தில் கணக்கு வேலை வாங்கித் தருகிறேன் என்கிறார். எனக்கோ இந்த ஊரை விட மனசில்லை. காலையில் சக்கரப் படித்துறையில் கால் நனைக்காமல் எனக்குப் பொழுது விடியாது. 2028 மகாமகத்துக்கு இங்கே இருக்க வேண்டும் என்று ஆசை. கணித மேதை ராமானுஜனே பிழைப்புக்காகச் சென்னை போனவர்தானே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். முதலாளி என்னை மகன் மாதிரி வைத்திருக்கிறார், அவரிடம் போய்ச் சம்பளம் கூட்டித் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அதனால் தீபாவளி முடிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலாளியிடம் கேளுங்கள் என்பாள். ஊரைப் பிரியும் வேதனையை எப்படித் தாங்குவது?

– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்:

தம்பி,

காவிரி எங்கேயும் போகாது. சக்கரப் படித்துறையும் இருந்த இடத்தில்தான் இருக்கும். ஊரைப் பிரியும் வேதனைக்கு மருந்து கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இப்படிக் கடிதம் டெல்டாவிலிருந்து மாதா மாதம் வருகிறது. மன்னார்குடிக்காரர் எழுதினால் அதில் தெப்பக்குளம் இருக்கும், திருவாரூர்க்காரர் எழுதினால் ஆழித்தேர் இருக்கும், உங்களுடையதில் படித்துறையும் மகாமகமும். அதற்குக் கீழே எல்லாவற்றிலும் ஒரே கணக்குத்தான். வாடகை ஏறியது, சம்பளம் ஏறவில்லை.

நான் முட்டிக்கொண்டு நின்ற இடம் வேறு. ‘முதலாளி என்னை மகன் மாதிரி வைத்திருக்கிறார்.’ போகிற போக்கில் இதை எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை.

அவருக்குச் சொந்த மகன் இருக்கிறானா? இருந்தால் அவனுக்கும் மாதம் 18,500தானா? அவனும் 20-ஆம் தேதிக்கு மேல் கைமாற்று வாங்குகிறானா? தீபாவளிக்கு அவனுக்கும் ஒரு வேட்டியும் அரைக் கிலோ ஸ்வீட் பெட்டியும்தானா? நாளைக்குக் கடை யார் பேருக்குப் போகும்? மகனுக்கு உள்ளதெல்லாம் மகனுக்குப் போய்விடும். உங்களுக்கு மிஞ்சுவது ‘மாதிரி’ மட்டும்.

கணக்கு எழுதுகிறவரிடம் கணக்கிலேயே பேசுவோம். 2018-லிருந்து சம்பளம் 2,500 ஏறியிருக்கிறது, வாடகை 4,000. முதலாளி கூட்டிக் கொடுத்ததை அப்படியே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு 1,500 உங்கள் பையிலிருந்து போட்டிருக்கிறீர்கள். அப்போது சம்பளத்தில் 28 சதவீதம் வாடகைக்குப் போனது, இப்போது 46. இந்த நாலு வரியை ஒரு காகிதத்தில் எழுதி அவர் மேஜையில் வைக்க உங்களுக்கு இத்தனை வருடமாகக் கை வரவில்லை. ஆனால் எனக்கு இரண்டு பக்கம் எழுத வந்திருக்கிறது.

கேட்டால் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் வரவில்லை, விவசாயி கையில் காசில்லை, குத்துவிளக்கும் அண்டாவும் யார் வாங்குகிறார்கள் என்பார். டெல்டாவில் சம்பளம் கூட்ட மனசில்லாத முதலாளிக்கெல்லாம் மேட்டூர் அணைதான் துணை. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 2022-இல் வழக்கமான ஜூன் 12-க்குக்கூடக் காத்திராமல் மே 24-லேயே திறந்துவிட்டார்களே, அந்த வருடம் உங்களுக்கு எவ்வளவு கூட்டினார்? 2025-இல் சரியாக ஜூன் 12-க்குத் திறந்தார்களே, அப்போது? பதிவேடு உங்களிடம்தான் இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகள் காதுகுத்துக்கு வந்து மொய் எழுதியிருப்பார், அம்மாவுக்கு உடம்பு முடியாதபோது காரை அனுப்பியிருப்பார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். நல்ல மனிதர்களுக்கும் கேட்காதவனுக்குக் கொடுக்கத் தோன்றாது. அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று நம் ஊரில் சொல்வார்கள். மகன் மாதிரி இருக்கிறேன் என்கிறீர்கள், ஒரு தடவையாவது அழுதீர்களா?

என் அப்பாவும் கணக்குப்பிள்ளைதான். மாயவரம் பக்கம் ஒரு அரிசி மில்லில் 31 வருடம். அந்த முதலாளிக்கு அவர் ‘தம்பி மாதிரி’. ராத்திரி ஒன்பது மணிக்குத் தவிட்டு வாசனை அடிக்கிற சட்டையோடு வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் முதலாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதப் போவார். அப்பா இறந்த அன்று மில்லிலிருந்து ஆள் உயரத்துக்கு ரோஜா மாலை வந்தது. தெருவே மூக்கில் விரலை வைத்துப் பார்த்தது. மூன்று மாதம் பொறுத்துவிட்டு, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மில் வாசலில் போய் நின்றாள். ‘கணக்குப் பார்த்துச் சொல்லி அனுப்புறேம்மா’ என்றார் முதலாளி. கணக்குப் பார்க்க வேண்டிய ஆளைத்தான் கொண்டுபோய் எரித்திருந்தோமே. யாரும் சொல்லி அனுப்பவில்லை. எனக்கு அப்போது பதினைந்து வயது. அன்றிலிருந்து அந்த ‘மாதிரி’யைக் கேட்டாலே எனக்கு எரியும். பாவம், இந்த வாரம் நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

‘சொல்லாமல் கொள்ளாமல்’ கிளம்பப் போகிறீர்களாம். எதற்கு? நீங்கள் என்ன கல்லாவில் கை வைத்துவிட்டா ஓடுகிறீர்கள்? 17 வருட உழைப்பை அப்படியே அவர் வாசலில் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் மரியாதை என்று யார் உங்களுக்குச் சொன்னது? கிராஜுவிட்டி என்று ஒன்று, வேலையை விடும்போது முதலாளி தர வேண்டிய பணிக்கொடை, இருப்பது கணக்கு எழுதுகிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நமக்கெல்லாம் எங்கே என்று இருந்திருப்பீர்கள். 1972-இல் சட்டமாகவே வந்த உரிமை அது. பி.எஃப். கட்டாயமாக 20 பேர் வேண்டும், உங்கள் கடையில் 14 பேர்தான், அதை விடுங்கள். கிராஜுவிட்டிக்கு 10 பேர் இருந்தால் போதும், நீங்கள் தொடர்ந்து 5 வருடம் வேலை பார்த்திருந்தால் போதும். நீங்களாகவே வேலையை விட்டாலும் உண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 17-ஆல் பெருக்குங்கள். மொத்தச் சம்பளத்தையும் ஒரே தொகையாகத் தருகிறார் என்றால் 1,81,442 ரூபாய் வருகிறது. அலவன்ஸ், படி என்று பிரித்து எழுதியிருந்தால் கொஞ்சம் குறையலாம். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு போடலாம். ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகப் பஸ் ஏறுகிறவரிடம் அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? 17 வருடமாகச் சம்பளப் பதிவேட்டை எழுதுவதே நீங்கள். அதைவிட வேறு சாட்சி எதற்கு?

ராமானுஜனை ஏன் துணைக்குக் கூப்பிட்டீர்கள் என்று புரியவில்லை. அவர் 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார், மாதம் 30 ரூபாய். உங்கள் உத்தியோகம்தான். அந்த வேலையைக் கேட்டுத் தன் கைப்பட விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு முதல் கடிதம் எழுதியபோது, தான் ஒரு குமாஸ்தா, வருடத்துக்கு 20 பவுண்டுதான் சம்பளம் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். முகம் தெரியாத வெள்ளைக்காரரிடம் சம்பளத்தைச் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை. உங்களுக்குப் பெரிய கடை வீதியில், தினமும் பார்க்கிற முகத்திடம் சொல்லக் கூச்சம்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். ‘சொன்னால் முதலாளியிடம் கேளுங்கள் என்பாள்.’ அவள் சொல்லப் போவது முன்கூட்டியே தெரிந்துதான், அதைச் சொல்லாத வேறு ஆளைத் தேடி எனக்கு எழுதியிருக்கிறீர்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். தவிர, அவள் மாலையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தொண்டை கட்டக் கத்துகிறாள், அந்தப் பணத்துக்கு ‘பால் செலவு’ என்று பெயர் வைத்துவிட்டீர்கள். எவ்வளவு என்று எழுதவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் தொகை போடாத இடம் இரண்டு, இது ஒன்று. இன்னொன்றுக்குக் கடைசியில் வருகிறேன். அந்தப் பத்துப் பிள்ளைகள் அவள் தெருத் தெருவாகப் போய்ச் சேர்த்தவர்கள். திருப்பூருக்குப் போனால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுவும் முகம் தெரியாத தெருவில். இதைக் கேட்காமல் நீங்கள் எப்படி முடிவு செய்யலாம்? நான் பழைய காலத்து மனுஷி. குடும்பத் தலைவன் என்று ஒருவர் இருக்கட்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். தலைவன் என்றால் வீட்டுக்காரிக்குத் தெரியாமல் வீட்டை மூட்டை கட்டுகிறவன் என்று எந்தக் காலத்திலும் யாரும் சொன்னதில்லை.

அம்மாவை மாத்திரைச் செலவாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கூட வருகிறாரா, இங்கேயே தங்குகிறாரா என்ற பேச்சே இல்லை. பெற்றவளைத் தனியாக விட்டுவிட்டு மாதம் இரண்டாயிரம் அனுப்புகிற ஏற்பாட்டை நான் ஒருநாளும் ஒப்ப மாட்டேன், அது பழம்பஞ்சாங்கம் என்று யார் சொன்னாலும் சரி. மகளையும் பிளஸ் 1 பாதியில் பிடுங்கி நடாதீர்கள். போவதானால் பரீட்சை முடிந்து, விடுமுறையில்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் பிழைக்கப் போகாத இடமா? கேட்டுவிட்டுப் போங்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். ஒரு புதன்கிழமை, கடையில் கூட்டம் குறைந்த மத்தியான வேளையில், அவர் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். வெள்ளிக்கிழமை, அமாவாசை வேண்டாம், அவருக்குச் சாக்காகிவிடும். 24,000 கேளுங்கள், 22,000 வரை இறங்குங்கள், அதற்குக் கீழே வேண்டாம். பேச்சு முடியும் முன் அவர் ‘உன்னை நான் மகன் மாதிரி…’ என்று ஆரம்பிப்பார். தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள், தொகையைச் சொல்லட்டும்.

அந்த இன்னொரு இடம்: திருப்பூரில் வீட்டு வாடகை எவ்வளவு? முன்பணம் எத்தனை மாதத்துக்கு? 26,000-ஐ மட்டும் எழுதியிருக்கிறீர்கள், அது வரவு. பற்றுப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. இன்று ராத்திரி மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மச்சானுக்கு போன் போடுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், அவளும் கேட்கட்டும்.